மண்ணிலும் வானத்திலும் வாழைப்பழத்திலும் இருக்கிற கதிர்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



கதிர்வீச்சு பத்திப் பேசணும்னு தலைவி சொன்னாங்க. வங்கிக் கடன், காப்பீடு, தையல் பயிற்சின்னு பேசுற மேடையில இது எதுக்குன்னு உங்களுக்குத் தோணும். காரணம் ரெண்டு இருக்குதுங்க. ரெண்டுமே நம்ம குழுக்களுக்குள்ள நடந்ததுதான்.

செக்கிங் வேலைக்குப் போற ஒரு தங்கச்சிக்கு ரெண்டு மாசமா இருமல். சாயங்காலமானா காய்ச்சல் மாதிரி கதகதன்னு இருக்கும். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொன்னாரு. "கைக்குழந்தைக்குப் பால் குடுக்கறேன், கதிர் பட்டா பாலுல இறங்கிடும்"னு பயந்துக்கிட்டு அவ போகவே இல்லை. இது ஒண்ணு.

இன்னொரு குழுவில் ஒரு அக்கா உள்கடன் வாங்கி, செல்போன் கதிரைத் தடுக்கும், மூட்டுவலி போகும், சர்க்கரை குறையும்னு யாரோ சொன்னதை நம்பி கறுப்பா வட்டமா ஒரு டாலர் வாங்கிக் கழுத்துல போட்டிருக்காங்க. போட்டதோட விடலை. நாலு பேரைச் சேர்த்துவிட்டா கமிஷன் வரும்னு சொன்னதால மத்த உறுப்பினர்கள்கிட்டயும் விற்கப் பார்த்திருக்காங்க.

பயப்பட வேண்டாத இடத்துல பயம், பார்த்து நடக்க வேண்டிய இடத்துல நம்பிக்கை. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாப் போதும். அதுக்கு முதல்ல கதிர் எங்கிருந்து வருதுன்னு தெரியணும்.

கதிர்னா குண்டு வெடிக்கிறதும் கூடங்குளம், கல்பாக்கமும்தான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனா இந்த மண்டபத்துல இப்போ உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தர் மேலயும் கதிர் பட்டுக்கிட்டேதான் இருக்குது. தரையிலிருந்து வருது, மேலேயிருந்து வருது, மூச்சுக்காத்துல போகுது, சோத்துல போகுது. மனுசன் பிறக்கிறதுக்கு முன்னாடியே பூமியில இருந்தது இது. 1896-ல பிரான்சுல ஆன்றி பெக்கரல் என்கிற விஞ்ஞானி யுரேனிய உப்புலேர்ந்து ஏதோ ஒண்ணு வந்து, கறுப்புக் காகிதத்துல சுத்தி வெச்ச போட்டோ தகட்டைக் கெடுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. ரெண்டு வருசம் கழிச்சு, தோரியம் என்கிற பொருளுக்கும் இந்தக் குணம் இருக்குதுன்னு மேரி கியூரி அம்மையார் காட்டினாங்க. 'தோரியம்' என்கிற பேரை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வரும்.

அளவு தெரியாம எந்தப் பயமும் தீராது. நமக்குக் கணக்கு நோட்டு புதுசில்லை. அதனால இதையும் கணக்கு நோட்டாவே எழுதிப் பார்ப்போம். உடம்புல படுற கதிரை மில்லிசீவர்ட் என்கிற அளவுல சொல்லுவாங்க. ஒரு மில்லிசீவர்ட்டை ஒரு ரூபாய்னு வெச்சுக்குவோம். ஐக்கிய நாடுகள் சபையில இதுக்குன்னே ஒரு விஞ்ஞானக் குழு இருக்குது. அவங்க போட்ட உலக சராசரிக் கணக்குப்படி, ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்கு இயற்கையிலிருந்து மட்டும் வரவு சுமார் 2 ரூபாய் 40 பைசா.

இதுல பெரிய வரவு காத்துல வருது, 1 ரூபாய் 26 பைசா. பாதிக்கு மேல இதுவே. தரையிலயும் சுவத்துலயும் இருந்து 48 பைசா. வானத்துலேர்ந்து 39 பைசா. சாப்பாடு, தண்ணியிலேர்ந்து 29 பைசா. ஊருக்கு ஊர் இது கூடும், குறையும். ஒரு ரூபாய் வர்ற ஊரும் உண்டு, பத்து ரூபாய்க்கு மேல வர்ற ஊரும் உண்டு.

காத்துல என்ன வருதுன்னு பார்ப்போம். நம்ம கொங்கு நாடே பாறை மேல உட்கார்ந்திருக்குது. போர் போடுறவனைக் கேளுங்க, நாப்பது அம்பது அடியில பாறை தட்டிரும்பான். அப்புறம் எண்ணூறு, ஆயிரம் அடிக்கும் பாறையேதான். இந்த மாதிரிப் பாறையில யுரேனியம் துளித்துளியாக் கலந்திருக்கும். எடுத்து வித்துக் காசு பார்க்கிற அளவுக்கெல்லாம் இல்லீங்க, சோத்துல உப்பை விடக் குறைவு. அந்த யுரேனியம் தானாச் சிதைஞ்சு வேற வேற பொருளா மாறிக்கிட்டே வரும். பாதி சிதையறதுக்கே 450 கோடி வருசம் ஆகும், பூமியோட வயசே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வரிசையில ஒரு கட்டத்துல ரேடான்னு ஒரு வாயு பிறக்குது. நிறம் இல்லை, வாசம் இல்லை. பாறை வெடிப்பு வழியா, மண்ணு வழியா மேலே வருது. வெளியில வந்தா காத்தோட கலந்து போயிரும். மூடின அறைக்குள்ள வந்தா தங்கிரும். அதை மூச்சுல இழுக்கிறப்ப, அதுலேர்ந்து பிறக்கிற துகள்கள் நுரையீரல்ல ஒட்டிக்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகை பிடிக்கிறது. அதுக்கு அடுத்த பெரிய காரணங்கள்ல ஒண்ணு ரேடான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம். குளிர் நாட்டுல ஜன்னலைத் திறக்கவே மாட்டாங்க, அங்கேதான் இது பெரிய பிரச்சனை. நமக்கு வழி ரொம்பச் சுலபம், காத்து போய் வரணும், அவ்வளவுதான். ஆனா நம்ம லைன் வீட்டு நிலைமை உங்களுக்கே தெரியும். ஒரே அறை, ஒரே ஜன்னல், அந்த ஜன்னலையும் பக்கத்து லைனுக்காரங்க பார்ப்பாங்கன்னு சாத்தி வெச்சிருப்போம். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவங்க பகல்ல தூங்கறதுக்கு அட்டை வெச்சு அடைச்சிருப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது கதவையும் ஜன்னலையும் எதிரெதிரா திறந்து விடுங்க. ரேடானுக்காக மட்டும் சொல்லலை. அடுப்புப் புகைக்கும், இருமலுக்கும், பஞ்சுத் தூசிக்கும் அதுவே மருந்து. ரேடானை விட விறகடுப்புப் புகை உங்க நுரையீரலுக்குச் செய்யற கெடுதல் அதிகம்னு நான் தைரியமாச் சொல்லுவேன்.

போர் தண்ணியிலயும் கொஞ்சம் ரேடான் கரைஞ்சு வரும். மேல் தொட்டியில ஏத்தி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா காத்துல போயிரும். மீதி இருக்கிறதுலயும் பாதி நாலு நாளைக்குள்ள தானாவே சிதைஞ்சிரும். இதுக்குத் தனியா ஃபில்டர் விக்க வந்தா வாங்காதீங்க.

அடுத்து வானம். எல்லாரும் உள்ளங்கையை நீட்டுங்க. நீட்டியாச்சா? இப்போ நான் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க கையைத் துளைச்சுக்கிட்டு ஒரு துகளாவது போயிருக்கும். விண்வெளியிலிருந்து வேகமா வர்ற துகள்கள் மேலே காத்துமண்டலத்துல மோதி உடைஞ்சு, அதுலேர்ந்து பிறக்கிற மியூவான் என்கிற துகள்கள் மழை மாதிரி பெய்யுது. ஒரு சதுர செண்டிமீட்டருக்கு நிமிசத்துக்கு ஒண்ணு. உள்ளங்கை அளவுக்குக் கணக்குப் போட்டா விநாடிக்கு ஒண்ணு. கூரை, மண்டபம் எதுவும் அதுக்குத் தடை இல்லை. 1912-ல விக்டர் ஹெஸ் என்கிறவரு பலூன்ல ஏறி, மேலே போகப் போக இந்தக் கதிர் கூடுதுன்னு அளந்து காட்டினாரு. அதுக்கு 1936-ல நோபல் பரிசு வாங்கினாரு.

மேலே போகப் போகக் கூடும்னா ஊட்டியிலயும் கூடுமா? கூடும். நம்ம திருப்பூர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. வானத்துலேர்ந்து வர்ற பங்கு அங்கே ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கம்பெனியில டூர் கூட்டிட்டுப் போறப்ப தாவரவியல் பூங்கா, படகு சவாரி எல்லாம் பார்த்திருப்பீங்க. அதே ஊட்டியில டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்குது, கிரேப்ஸ்-3னு பேரு. ஆறு மீட்டர் நீளத்துல 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி வெச்சு ராப்பகலா மியூவானை எண்ணிக்கிட்டிருக்காங்க. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு இடிமேகம் அது மேல கடந்து போனப்ப மியூவான் கணக்குக் குறைஞ்சுது. அந்தக் குறைச்சலை வெச்சே மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் மின்சாரம் இருந்ததுன்னு கணக்குப் போட்டுட்டாங்க. நம்ம வீட்டுல வர்றது 230 வோல்ட்டு!

பொம்பளைங்க கூட்டத்துல இதைச் சொல்லாமப் போக மனசு வரலை. இந்த வானத்துக் கதிரை இந்தியாவுல முதல்ல ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல ஒருத்தர் பிபா சௌத்ரி, 1913-ல பிறந்த வங்காளத்து அம்மா. தேவேந்திர மோகன் போஸ் என்கிற பேராசிரியரோட சேர்ந்து டார்ஜிலிங் மலைமேல போட்டோ தகடுகளை மாசக்கணக்குல வெச்சு, அதுல விழுந்த துகள்களோட தடத்தை மைக்ராஸ்கோப்புல பார்த்துப் பார்த்து அளந்தாங்க. உலகப் போர் சமயம், நல்ல தகடு கிடைக்கலை. அதோட வேலை நின்னு போச்சு. அதே மாதிரி முறையை நல்ல தகடுகளோட செஞ்ச இங்கிலாந்துக்காரர் பவலுக்கு 1950-ல நோபல் கிடைச்சுது. அந்தம்மா 1991-ல காலமானப்ப பேரு தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. 2019-ல வானத்துல ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா'ன்னு பேரு வெச்சாங்க. செக்கிங் டேபிள்ல ஒரு ஓட்டை, ஒரு கறை விடாம ஆயிரம் பீஸ் பார்க்கிற உங்களுக்கு அந்தம்மா செஞ்ச வேலையோட கஷ்டம் நல்லாப் புரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வாழைப்பழம், இளநீர், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாத்துலயும் பொட்டாசியம் சத்து இருக்குது. இதயம் துடிக்கறதுக்கே அது வேணும். இந்தப் பொட்டாசியத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு தானாக் கதிர் விடுற வகை. அதனால நம்ம உடம்புக்குள்ளயே விநாடிக்கு மூவாயிரத்துக்கு மேல அணுக்கள் சிதைஞ்சுக்கிட்டிருக்குது. உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அக்காகிட்டேர்ந்துகூட உங்களுக்குக் கொஞ்சம் கதிர் வருது, நகர்ந்து உட்காராதீங்க! வாழைப்பழத்தைக் குறைச்சா இது குறையுமான்னா, குறையாது. உடம்பு தனக்கு வேண்டிய அளவைத்தான் வெச்சுக்கும், மிச்சத்தை சிறுநீர்ல அனுப்பிரும். ஒரு பழத்துக்குக் கணக்குப் போட்டா பைசாவுல நூறுல ஒரு பங்கு. தைரியமாச் சாப்பிடுங்க.

இப்போ அந்த எக்ஸ்ரே பயத்துக்குப் பதில் சொல்லிடலாம். இயற்கையில வருசத்துக்கு 2 ரூபாய் 40 பைசான்னா, ஒரு நாளைக்கு முக்கால் பைசாகூட இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒரு தடவை எடுத்தா சுமார் 2 பைசா. சும்மா வீட்டுல மூணு நாள் உட்கார்ந்திருந்தா வர்ற அளவு. மெசின் பழசு, அது இதுன்னு எப்படிப் பார்த்தாலும் பத்துப் பைசா, ரெண்டு வாரத்துக் கணக்கு. கதிர் உடம்பை ஊடுருவிப் போனதும் அதோட முடிஞ்சுது. உள்ளே எதுவும் தங்காது, பாலுல இறங்காது, படம் எடுத்துட்டு வந்து உடனே குழந்தைக்குப் பால் குடுக்கலாம். டி.பி. இருக்கிறது தெரியாமப் போனா அந்தக் குழந்தைக்கே தொத்தும். அந்தத் தங்கச்சியை அவங்க ஊக்குநர் கையோட கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுக்க வெச்சாங்க. டி.பி.தான். இப்போ அரசாங்க மாத்திரை சாப்பிட்டு எடை கூடி வந்திருக்கா, குழந்தைக்கும் பார்த்துட்டாங்க.

சி.டி. ஸ்கேன் வேற கணக்குங்க. அது அஞ்சு ரூபாயிலேர்ந்து பத்து ரூபாய் வரைக்கும் போகும், ரெண்டுலேர்ந்து நாலு வருசத்து இயற்கைக் கதிர் ஒரே தடவையில. உயிரைக் காப்பாத்தற சமயத்துல அதுவும் எடுத்துத்தான் ஆகணும். ஆனா தலைவலிக்கு நாமளா போய், "ஒரு ஸ்கேன் எடுத்துருங்க டாக்டர், மனசு நிம்மதியா இருக்கும்"னு கேட்கிற பழக்கம் வேண்டாம். மாசம் தள்ளிப் போயிருந்தா, எக்ஸ்ரே அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. கல்யாணம் ஆகாதவங்களா இருந்தாலும் சரி, யாரு என்ன நினைப்பாங்கன்னு பார்க்காதீங்க. கர்ப்பிணிக்கு எடுக்கிற அந்த ஸ்கேன் ஒலி அலையில எடுக்கிறது, அதுல இந்தக் கதிரே கிடையாது.

இனி தோரியம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில மணலைக் கையில எடுத்தா கறுப்பு, செவப்பு, மஞ்சள்னு பல நிறத்துல பொடி மின்னும். அதுல மஞ்சளா மின்னுறது மோனசைட். அதுக்குள்ளதான் தோரியம் இருக்குது. 1909-ல ஷோம்பர்க் என்கிற ஜெர்மன்காரர், இங்கேயிருந்து ஏத்துமதியான கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சு, மணவாளக்குறிச்சியில ஆலையே போட்டாரு. ஏன் அவ்வளவு ஆர்வம்? பெட்ரோமாக்ஸ் விளக்குக்காக. விளக்குல கட்டுற மேன்டில் ஞாபகம் இருக்குதுங்களா? கல்யாணம், நோம்பி, தெருக்கூத்துன்னா அந்த விளக்குத்தான். நம்ம உடுமலைப் பக்கத்துக்காரர் கவுண்டமணியோட 'வைதேகி காத்திருந்தாள்' காமெடியை நினைச்சுக்குங்க, செந்தில் நசுக்கினது அந்த மேன்டிலைத்தான்.

அந்த மேன்டில் என்னன்னு நினைக்கறீங்க? நம்ம சரக்குத்தான்! பனியன் துணி மாதிரி குழாயாப் பின்னின துணி. அதைத் தோரிய உப்புக் கரைசல்ல முக்கிக் காய வெச்சிருப்பாங்க. பத்த வெச்சதும் துணி எரிஞ்சு போயிரும், பின்னல் வடிவத்துல தோரியச் சாம்பல் மட்டும் கூடா நிக்கும். சூடானா அது வெள்ளை வெளேர்னு எரியும். வெளிநாட்டுத் தெருவிளக்கெல்லாம் இதுல எரிஞ்ச காலத்துல நம்ம கடற்கரை மணலுக்கு அவ்வளவு கிராக்கி. பின்னாடி 1950-ல மத்திய அரசு இந்த மணலுக்குன்னே இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்குச்சு. மணவாளக்குறிச்சி ஆலை இப்போ அவங்ககிட்டத்தான் இருக்குது.

அந்த மணல் மேலயே குடியிருக்கிற ஜனங்களுக்கு என்ன ஆகுதுன்னு கேட்பீங்க. இதே மணல் கேரளாவுல கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியிலயும் இருக்குது. தரைக்கதிர் நமக்கு 48 பைசான்னு சொன்னேன் பாருங்க, அங்கே பல வீடுகள்ல அதைப் போல பத்து மடங்கு, சில இடத்துல அதுக்கும் பல மடங்கு மேல. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-லேர்ந்து அங்கே வீடு வீடாப் போய்க் கதிரை அளந்து, கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேரைச் சராசரியாப் பத்து வருசத்துக்கு மேல கவனிச்சுது. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஆனா கதிர் அதிகமான வீட்டுக்காரங்களுக்கு அது கூடுதலா வரலைன்னு 2009-ல முடிவை வெளியிட்டாங்க. இயற்கைக் கதிர் ஒரு பங்கு கூடினதும் பயந்து ஓட வேண்டியதில்லைன்னு இதுலேர்ந்து நான் எடுத்துக்கறேன். மணலை எவ்வளவு வேணாலும் அள்ளலாம்னு இதுக்கு அர்த்தம் இல்லீங்க. கிள்ளியூர்ப் பக்கம் மணல் எடுக்கிற திட்டத்தை மீனவ மக்கள் எதிர்க்கிறாங்க. கடலரிப்பு, மீன்பாடு, வீடுன்னு அவங்க கேள்வி பெருசு.

இப்போ நம்ம தொழிலுக்கு நேரா வர்ற விசயம். 2018 மே மாசம் தென்கொரியாவுல ஒரு பெரிய களேபரம். டேஜின் என்கிற பிரபலமான கம்பெனி மெத்தையிலேர்ந்து ரேடான் வருதுன்னு தெரிஞ்சுது. மெத்தையில எப்படி ரேடான்? "நெகட்டிவ் அயான் மெத்தை, உடம்புக்கு நல்லது, நல்லாத் தூக்கம் வரும்"னு விளம்பரம் பண்ணி, மெத்தை உறையோட உள்பக்கத் துணியில ஒரு பொடியைப் பூசியிருக்காங்க. அந்தப் பொடி மோனசைட். அதே மஞ்சள் மணல்தான்! காத்துல அயானை உண்டாக்கறதே அதுலேர்ந்து வர்ற கதிர்தான். மீட்டர் வெச்சுப் பார்த்தா அயான் காட்டும், வாங்கறவங்களும் நம்பிருவாங்க. அரசாங்கம் முதல்ல பெருசா ஒண்ணும் இல்லைன்னு சொல்லுச்சு. கொஞ்ச நாள்லயே மறுபடி அளந்து, செயற்கையா வர்ற கதிருக்குப் பொதுமக்களுக்கான வருச வரம்பு ஒரு ரூபாய்னா, சில மெத்தைகள்ல ஒன்பது ரூபாய்க்கு மேலேயே வருதுன்னு ஒத்துக்கிச்சு. ஆயிரக்கணக்கான மெத்தைகளை வீடு வீடா எடுத்துட்டு வர தபால்காரங்களை அனுப்பினாங்க.

சுவத்துலயும் தோரியம் இருக்கே, அது ஏன் அவ்வளவு கெடுதல் பண்ணலைன்னு ஒரு பொண்ணு என்கிட்டக் கேட்டா. நல்ல கேள்வி. தோரியத்துலேர்ந்து வர்ற ரேடான் வகை பாதியாகறதுக்கு 56 விநாடிதான். சுவத்துலேர்ந்து வந்து உங்க மூக்குக்கு வர்றதுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சு போயிரும். மெத்தை அப்படியா? குப்புறப் படுத்தா மூக்குக்கும் பொடிக்கும் நடுவுல ஒரு சாண் இல்லை. ராத்திரி எட்டு மணி நேரம், குழந்தையும் கூடப் படுத்திருக்கும். விளக்குல தொங்கின வரைக்கும் சரியா இருந்த அதே பொருள், உடம்போட ஒட்டினப்ப வேற கணக்கு ஆயிருச்சு. கொரியாவுல 2019-ல சட்டத்தைத் திருத்தி, உடம்புல ஒட்டி அணியற பொருள்ல இதைச் சேர்க்கத் தடை போட்டாங்க.

கழுத்து டாலருக்கு வர்றேன். 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம், செல்போன் கதிரைத் தடுக்கும்னு வித்த டாலர், கண்மூடி, குழந்தைங்க கைச்சங்கிலின்னு பத்துச் சாமான்களைச் சோதிச்சது. பத்துலயும் கதிர் வந்தது. உடனே கழட்டி வைங்க, நாள் முழுக்கப் போட்டுக்கிட்டிருந்தா உடம்புக்குக் கெடுதல்னு எச்சரிச்சாங்க. செல்போன்லேர்ந்து வர்றது அணுவை அயானாக்குற சக்தி இல்லாத அலை. அதைத் தடுக்கறேன்னு சொல்லி, அணுவை அயானாக்குற கதிரைக் காசு குடுத்துக் கழுத்துல மாட்டிக்கறதை என்னன்னு சொல்றது! இப்படி விக்கிற எல்லா டாலர்லயும் தோரியம் இருக்குதுன்னு நான் சொல்லலை. சிலதுல இது இருக்கும், சிலதுல வெறும் கறுப்புப் பீங்கான்தான் இருக்கும். ஒண்ணுல உடம்பு கெடும், இன்னொண்ணுல காசு மட்டும் போகும்.

கம்பெனியில கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. பிரிண்டிங் பட்டறையிலயும், துணிக்கு ஃபினிஷிங் குடுக்கிற இடத்துலயும் வேலை செய்யறவங்க காதுல போட்டுக்குங்க. "அயான் துணி", "எனர்ஜி பவுடர்"னு சொல்லி ஒரு பொடியைப் பேஸ்ட்டுல கலக்கச் சொன்னா, அது என்ன பொடின்னு சூப்பர்வைசரைக் கேளுங்க. எந்தக் கெமிக்கல் வந்தாலும் அதுக்குப் பாதுகாப்பு விவரத்தாள்னு ஒண்ணு கூட வரணும், அதை வாங்கிப் பாருங்க. மோனசைட், தோரியம்னு எழுதியிருந்தா கலக்க மாட்டோம்னு சொல்லுங்க. துணியைப் போடுறவங்களை விட, காய்ஞ்ச பொடியைக் கொட்டிக் கலக்கறவங்களுக்குத்தான் முதல் ஆபத்து. தூசியா மூச்சுல போனா சீக்கிரம் வெளியே வராது. தனியா ஒருத்தி கேட்டா வேலை போயிருமோன்னு பயம் இருக்கும், தெரியும். அதனால மாதக் கூட்டத்துல சொல்லுங்க, கூட்டமைப்பு லெட்டர்பேடுல எழுதிக் கேட்கலாம். பையர் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற நாள்ல கெமிக்கல் லிஸ்ட்டை எடுத்து வைக்கிறாங்கல்ல, அதே லிஸ்ட்டைக் கேட்கறதுல தப்பில்லை.

சீட்டுல எழுதிக் குடுத்த கேள்விகள் மூணு இருக்குது.

பேக்கிங்ல இருக்கிற ஒரு சகோதரி: "நீடில் டிடெக்டர் மெசின் பக்கத்துல நாள் முழுக்க நிக்கறேன், கர்ப்பப்பைக்குக் கெடுதலா?" இல்லைங்க. துணிக்குள்ள உடைஞ்ச ஊசி இருக்குதான்னு அது காந்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்குது. எக்ஸ்ரே இல்லை. நாள் முழுக்க நிக்கறதுக்கு ஒரு ஸ்டூல் கேளுங்க, அது நியாயம்.

"பழைய மேன்டில் பரண்ல கிடக்குது, என்ன பண்ண?" கவர்ல போட்டுக் கட்டி வைங்க. குழந்தைங்க கையில குடுக்காதீங்க. எரிஞ்ச சாம்பலை ஊதாதீங்க. பல நாட்டுல இப்போ தோரியத்துக்குப் பதிலா இட்ரியம்னு வேற பொருள் போடுறாங்க.

மூணாவது சீட்டுல பேரு போடலை. "டாலர் வாங்கின கடன் இன்னும் பாக்கி இருக்குது, டாலரை என்ன செய்யட்டும், கடனை என்ன செய்யட்டும்?" அம்மிணி, டாலரைக் கழட்டிருங்க. உடைக்க வேண்டாம், நெருப்புல போட வேண்டாம், பொடி பண்ண வேண்டாம். ஒரு டப்பாவுல போட்டுப் படுக்கிற இடத்துக்குத் தள்ளி வைங்க, வேற யாருக்கும் வித்துராதீங்க. வித்தவங்க குடுத்த பில், வாட்ஸ்அப்ல அனுப்பின விளம்பரம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம். மனு எழுதறதுக்கு நான் கூட வர்றேன். கடன் குழுவோட பணம், அதைக் கட்டித்தான் ஆகணும். தவணையைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமான்னு உங்க குழு உட்கார்ந்து பேசி, தீர்மான நோட்டுல எழுதுங்க. அந்தத் தீர்மானத்தைப் பத்தித் தலைவிகிட்ட ஏற்கெனவே பேசியிருக்கேன், அடுத்த கூட்டத்துல எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க.